100 மீட்டர் என்ற ஹார்டுகோட்

மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்றின் பக்கத்தில் உங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1992க்கு முன்னால் கட்டியது. ஓடு ஒழுகினால் அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம். பையனுக்குக் கல்யாணம் ஆகிறது, மாடியில் ஓர் அறை போடலாமா? கூடாது. மேலே ஏற்றினாலும் பக்கத்தில் நீட்டினாலும் சட்டத்துக்கு அது புதுக் கட்டுமானம்தான். இதில் ஒரு வேடிக்கை, தெருவில் பொதுக் கழிப்பறை கட்டினால் மட்டும் அது 'கட்டுமானம்' ஆகாது. சட்டத்தின் வரையறையே அப்படிச் சொல்கிறது. உங்கள் வீட்டை ஒட்டி சொந்தமாக ஒன்று கட்டினால்தான் சிக்கல்.

மத்திய தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ள எந்தச் சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டர், அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டிய பகுதி. இந்த 100 மீட்டரைச் சிற்பத்திலிருந்து அளப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். ஊருக்குள்ளேயே பாறையும் குகையும் சிதறிக் கிடக்கிற மாமல்லபுரத்தில் ஒரு வட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

எங்க தொழில்ல இதை ஹார்டுகோடிங் என்போம். இடத்துக்கு இடம் மாற வேண்டிய மதிப்பை நிரலுக்குள்ளேயே எண்ணாக அடித்துவிடுவது. ஜூனியர் யாராவது செய்தால் திட்டுவோம். ஆனால் இங்கே இதைச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1992 ஜூன் அறிவிக்கையில்தான் இந்த எண்கள் முதலில் வந்தன. பிறகு ஒரு நிபுணர் குழுவை வைத்துக்கொண்டு 100 மீட்டருக்குள்ளேயே விலக்கு கொடுத்து வந்தார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2010 திருத்தம் அந்த எண்ணைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து பூட்டியது. நம்ம ஊரில் 'சூழ்நிலைக்கேற்ப முடிவு' என்று எழுதி வைத்தால் யாருடைய சூழ்நிலை ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டேப்பை வைத்து அளந்து காட்டக்கூடிய விதியை வளைப்பது கஷ்டம். அந்த வகையில் 100 மீட்டரை நான் மதிக்கிறேன்.

என் குறை வேறு. அளக்கிற பொருளே தப்பு. 1930களில் லண்டனில் ஃபாரடே கட்டடம் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எழும்பி, தேம்ஸ் பக்கமிருந்து செயின்ட் பால் பேராலயம் தெரிவதை மறைத்தது. அதற்குப் பிறகு அங்கே பேராலயத்தைச் சுற்றி உயர வரம்பு வந்தது. இன்றைக்கு ரிச்மண்ட் பூங்காவின் ஒரு மேட்டிலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளித் தெரிகிற அதன் குவிமாடத்துக்காகவும் ஒரு பார்வைப் பாதையைக் காக்கிறார்கள். அதிலும் ஓட்டை உண்டு. பேராலயத்துக்குப் பின்னால் பல கிலோமீட்டர் தாண்டி ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த ஒரு கோபுரம் குவிமாடத்தின் பின்னணியில் தலை நீட்டியது, 2016இல் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் சண்டை சரியான கேள்வியைப் பற்றி நடந்தது. நம் சட்டத்துக்கோ, 300 மீட்டருக்கு அந்தப் பக்கம் 30 மாடி வந்தாலும் கண் தெரியாது. 90ஆவது மீட்டரில் ஓர் ஓட்டு வீட்டின் மாடி அறை மட்டும் தெரியும்.

ஹரியானாவின் கோஸ் மினார்களைப் பாருங்கள். முகலாயர் காலத்து மைல்கல் தூண்கள், பல இன்றும் வயல் நடுவே தனியாக நிற்கின்றன. தாஜ்மகாலுக்கும் இந்தத் தூணுக்கும் இந்தச் சட்டத்தில் அதே 100 மீட்டர்தான். (தாஜைச் சுற்றி உச்ச நீதிமன்றம் போட்ட தடைகள் தனிக்கதை.) வயல்காரருக்கு அந்தத் தூண் ஒரு பாரம், அவ்வளவுதான். தூண் காணாமல் போனால்? 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 92 சின்னங்களைக் காணவில்லை என்றது. பிறகு தேடியதில் 42 கிடைத்தன. 14 நகர வளர்ச்சியில் அழிந்திருந்தன, 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கியிருந்தன, 24ஐக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து எடுக்க அறிவிக்கை வந்தது. அதில் ஃபரீதாபாத் பக்கம் முஜேசரில் இருந்த ஒரு கோஸ் மினாரும் உண்டு. பட்டியலிலிருந்து பெயர் போனால் 100 மீட்டரும் போயிற்று. சின்னத்தைக் காப்பாற்றியவருக்குத் தடை, தொலைத்தவருக்கு விடுதலை.

இதற்கான மருந்தும் அதே 2010 திருத்தத்தில் இருக்கிறது என்பதுதான் எரிச்சல். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகத் துணைவிதிகள் எழுத வேண்டும் என்கிறது: உயரம், முகப்பு, வடிகால், சாலை, மின்கம்பம் வரை. ஏறக்குறைய 3,700 சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பத்து வருஷம் தாண்டியும் அது வரவில்லை. வந்தாலும் 100 மீட்டர் தடையை அது தளர்த்த முடியாது. 2018இல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதாவும் வீட்டுக்காரரைப் பற்றி யோசிக்கவில்லை. மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு மட்டும் 100 மீட்டருக்குள் வழிவிடப் பார்த்தது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியதோடு சரி.

எண்ணை 50 ஆக்கலாம், 20 ஆக்கலாம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஹார்டுகோடில் வேறு எண்ணை அடிப்பது. எந்தச் சின்னத்துக்குத் துணைவிதி முழுசாக எழுதி அறிவிக்கப்படுகிறதோ, அந்தச் சின்னத்துக்கு மட்டும் 100 மீட்டர் விலகட்டும். மற்றவற்றுக்கு அப்படியே இருக்கட்டும். மாடி அறை கேட்கிற வீட்டுக்காரர் அப்போது சிற்பத்தோடு சண்டை போட வேண்டியதில்லை. துணைவிதி எங்கே என்று அலுவலகத்தைக் கேட்கலாம்.