தாய்மண்ணும் கருக்கரிவாளும்

தொட்டி மாற்றும்போது தாய்மண் உடையக் கூடாது என்பது மாடித் தோட்டக்காரர்களிடையே வேதவாக்கு. பையில் வந்த இளங்கன்றுக்கு அது சரிதான். நான்கைந்து வருடம் ஒரே தொட்டியில் கிடந்த குண்டுமல்லிக்கும் அதையே சொல்வதுதான் இடிக்கிறது. அங்கே தாய்மண் ஏது? மண் இருந்த இடத்தையெல்லாம் வேரே அடைத்துச் சும்மாடு கட்டியிருக்கும். ஊற்றிய தண்ணீர் சுவரோரமாக வழிந்து அடித்துளையில் ஓடிவிடும். நடுவே தூசி பறக்கும். அந்தச் சும்மாட்டை உடையாமல் பெரிய தொட்டிக்கு மாற்றினால், மாறியது தொட்டி மட்டும்தான். வளைந்து தடித்த வேர் தானாக நிமிர்வதில்லை.

அதனால்தான் என் ஓட்டு கருக்கரிவாளுக்கு. கதிர் அறுக்கும் அதே அரிவாள். மொட்டைக் கத்தி வேரை மண்ணோடு வைத்து நசுக்கும். கையால் பிய்த்தால் பட்டை உரிந்து அழுகலுக்கு வழிவிடும். கருக்குப் பல்லோ அடியில் பின்னிய வேர்ப்பாயை ஒரு அங்குலக் கனத்துக்குத் தோசை திருப்புவதுபோல் வழித்தெடுக்கிறது. பிறகு பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல். வெட்டுவாய்க்குச் சற்றுப் பின்னாலிருந்து கிளம்பும் புதுச் சல்லிவேர்தான் புதுமண்ணுக்குள் நேராக இறங்கும். பென்சில் கனத்தைத் தாண்டிய வேருக்கு மட்டும் கவாத்துக் கத்தரி. கடைகளில் மூன்று உருப்படியாக விற்கும் வண்ணப்பிடிக் குட்டிக் கருவிகள் வேரைக் கண்டதும் வளைகின்றன; பொம்மைக்குப் பட்டறை இரும்பின் நிதானம் எங்கிருந்து வரும்?

வெட்டினால் செடி வாடுமே என்பார்கள். வாடும், நீரை உறிஞ்சும் வேர்நுனிகள் பல போய்விட்டனவே. ஆனால் மல்லிக்கு மார்கழி, தை கவாத்துக் காலம். மேலே ஒன்றரை அடிக்கு ஒடுக்கும் அதே வாரத்தில் கீழேயும் ஒடுக்கினால், தண்ணீர் கேட்க இலையே அதிகம் இராது. காகிதப்பூவிடம் மட்டும் இந்த வீரம் வேண்டாம். அதன் வேர் தொட்டால் முறியும், அங்கே தாய்மண் கட்சியே ஜெயிக்கட்டும்.

புதுத் தொட்டி இரண்டு அங்குலம் அகலம் கூடினால் போதும். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிப் புளிக்கும். அடியில் ஜல்லி பரப்புவதும் வடிகாலுக்கு உதவாது. ஜல்லிக்கு மேலேயே நீர் தங்கி நிற்கும். வயிறு பெருத்து வாய் சிறுத்த தொட்டியை அழகென்று வாங்குபவர்கள், அடுத்த முறை செடியை எடுக்க அதை உடைக்கத்தான் வேண்டும்.

மாற்றிய பிறகு பத்து நாள் நிழல்; உரம் கூடாது. இதில் யாருக்கும் பொறுமை இல்லை. மூன்றாம் நாளே புண்ணாக்குக் கரைசலோடு நிற்கிறார்கள். துளிர் வந்துவிட்டதே என்பார்கள். தண்டின் சேமிப்பிலிருந்தும் துளிர் வரும், அதை நம்பக் கூடாது. தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நான்கு நாளாகியும் கனம் குறையாமல் இருந்த தொட்டி, ஒருநாள் முந்தைய மாலை ஊற்றிய தண்ணீரை மறுநாளுக்குள் குடித்துவிட்டு லேசாகக் கைக்கு வரும். அன்றைக்கு வெயிலுக்கு நகர்த்தலாம்.