ஆண்டுக் கணக்கும் தேர்ச்சிக் கணக்கும்

இலங்கையில் விசேட வைத்திய நிபுணர்களை உருவாக்கும் பொறுப்பு 1980 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திடம் இருக்கிறது. பிரித்தானியக் கல்லூரிகளின் சான்றை நம்பியிருந்த நாடு, தன் சொந்த எம்டி பரீட்சையால் நிபுணரைத் தெரிவுசெய்யத் தொடங்கியது பெரிய காரியம். அந்தப் பரீட்சையின் கடுமையை மதிக்கிறேன். ஆயினும் பரீட்சை அளப்பது ஒரு நாளின் திறமையை. பயிற்சி அளக்கவேண்டியது கைக்கு வந்துவிட்ட தேர்ச்சியை.

நிறுவகம் இதை அறியாததல்ல. பயிலுனரின் பயிற்சிப் பதிவேடான போர்ட்போலியோ வந்துவிட்டது, வாட்டிலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பயிலுனரை நேரில் கண்டு மதிப்பிடும் படிவங்களும் வந்துவிட்டன. கருவிகள் சரியானவை; அவற்றுக்கு அதிகாரம்தான் இல்லை. றெஜிஸ்ட்ரார் காலம், எம்டி, சீனியர் றெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி என்ற வரிசையை இன்னும் ஆண்டுகளே நகர்த்துகின்றன. தோற்றவருக்குக் காலம் நீள்கிறது. முந்தித் தேறியவருக்குக் குறைவதில்லை. முடிவை மாற்றாத மதிப்பீட்டை எவர் கவனமாகச் செய்வார்? மாதக்கணக்கில் தேங்கிய படிவங்கள் கடைசி வாரத்தில், ஒரே மேசையில், ஒரே பேனாவால் நிரப்பப்படுவது ஆண்டுகளுக்குப் பதிலாகத் தேர்ச்சியை அளவாகக் கொள்ளும் தேர்ச்சி மைய முறை புகுந்த பல நாடுகளும் கண்ட நோய்.

வெளிநாட்டுப் பயிற்சியில், தேர்ச்சியைப் பாராமல் ஆண்டுகளை எண்ணும் இந்த முரண் உச்சத்தைத் தொடுகிறது. இங்கு கிடைக்காத எந்தத் திறனுக்காக ஒருவர் போகிறார் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, திரும்பியதும் அதையே சோதித்தால், சிலருக்கு ஆறு மாதம் போதும். சிலருக்கு இரண்டாண்டும் போதாது.

காலத்தை நெகிழ்த்துவதற்கு எதிரான வாதமும் வலுவானது. பயிலுனர் மாணவர் மட்டுமல்லர். சுகாதார அமைச்சின் வாட்டுகளை இரவில் தாங்குபவர்களும் அவர்களே. முந்தித் தேறியவரை விடுவித்தால் ரோஸ்டரில் ஓட்டை விழும். ஆகவே அவரை விடுவிக்கும் தீர்மானம் அவரது உழைப்பை நம்பியிருக்கும் மேற்பார்வையாளரிடம் இருக்கக்கூடாது. வேறு வைத்தியசாலையைச் சேர்ந்த குழுவிடம் இருக்கவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனபின், வெற்றிடம் நிரப்புவதற்காகவே பயிற்சியைக் குறுக்கும் ஆசை எழலாம். அதைத் தேர்ச்சி மையச் சீர்திருத்தம் என்று அழைப்பதை ஏற்கமுடியாது.

தேர்ச்சிப் பட்டியல்களிலும் ஒரு குறை தெரிகிறது. தொடர்பாடல் பாடத்திட்டங்களில் உண்டு. எந்த மொழியில் என்பதே கேள்வி. வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலை வைத்தியசாலைக்குப் போகும் பாட்டி, தன் சிறுநீர்ப்பைத் தொல்லையைப் பேரனின் வாயால் சொல்லவேண்டி வந்தால் பாதியை விழுங்கிவிடுவார். கொட்டாஞ்சேனைத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலைக்கு ஓடும்போது, மருந்தின் அளவைத் தமிழில் விளங்கப்படுத்தத் தெரிந்த வைத்தியர் அங்கே இருக்கவேண்டும். சிங்களமும் தமிழும் நோயாளியின் முன்னிலையில் தனித்தனியே மதிப்பிடப்படாதவரை, அந்தப் பட்டியல் முழுமையற்றது.

என் தீர்ப்பு இது: தேர்ச்சி மையக் கொள்கை சரி, நடைமுறைப்படுத்தும் வரிசை பிழை. ரொறன்ரோவில் 2009இல் எலும்புச் சத்திரசிகிச்சைத் துறை தொடங்கிய தேர்ச்சி மையப் பரிசோதனையில் சிலர் ஐந்தாண்டுப் பயிற்சியை நான்கில் முடித்தார்கள். ஆனால் அதற்கு ஆசிரியர்களின் நேரம் ஏராளமாகத் தேவைப்பட்டது. 2017இல் தேர்ச்சி முறையைத் தேசிய அளவில் தொடங்கிய கனடாகூட ஆண்டுச் சட்டகத்தை முற்றாகக் கைவிடவில்லை. மேற்பார்வையிடும் நிபுணருக்கு முதலில் கிளினிக் சுமையைக் குறைத்து, கவனித்துப் பார்ப்பதற்கென்று வாரத்தில் நேரம் ஒதுக்கவேண்டும். காலத்தை நெகிழ்த்துவது அதற்குப் பின். தொடங்க ஏற்றது மயக்க மருந்துத் துறை. அங்கே பயிலுனரும் நிபுணரும் ஒரே நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறார்கள்; செய்வதைக் காணாமல் கையொப்பமிடுவது கடினம்.