யாமல் ஃபைலில் ஒளித்த பாஸ்வேர்ட்: ஈஎஸ்பிஹோம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஈஎஸ்பிஹோம் எனக்குப் பிடித்த மென்பொருள். ஓட்டோ விண்டர் 2018-ல் தொடங்கியது. 2021-ல் நபு காசா நிறுவனம் பொறுப்பேற்றது. 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. ஒரு சின்ன போர்டு என்னவாக இருக்க வேண்டும் என்பதை யாமல் ஃபைலில் நாற்பது வரி எழுதினால் போதும், மீதி சி++ கோடை அதுவே எழுதி, கம்பைல் செய்து, வைஃபை வழியாகவே ஏற்றிவிடும். இதைத்தான் டிக்ளரேட்டிவ் முறை என்கிறோம். ‘இப்படிச் செய், பிறகு அப்படிச் செய்’ என்று சொல்லாமல் ‘இப்படி இரு’ என்று மட்டும் சொல்வது.

மாகறலில் எங்கள் வீட்டில் இப்படி ஐந்து கருவிகள் ஓடுகின்றன. தொட்டி நீர்மட்டம், மாட்டுக்கொட்டகை விளக்கு, இரண்டு சுவிட்ச், அப்புறம் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரோடு இணைத்த ஒரு ரிலே. கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் குறிப்புக்குக் காரணம். அந்தக் கொட்டகைக்குப் பூட்டு பேருக்குத்தான். வயலுக்கு வருகிற யாரும் உள்ளே போகலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஈஎஸ்பிஹோமில் பாஸ்வேர்டை நேராக எழுத வேண்டாம், தனி சீக்ரெட்ஸ் ஃபைலில் வைத்துப் பெயரை மட்டும் குறிப்பிடலாம். அந்த ஃபைல் கிட்டில் ஏறாதபடி அதுவே ஏற்பாடும் செய்துகொள்கிறது. நல்லதுதான். ஆனால் இது ஒளிப்பது கிட்டிலிருந்து மட்டும். கம்பைல் ஆகும்போது பாஸ்வேர்ட் அப்படியே சி++ ஃபைலுக்குள் இறங்குகிறது, அங்கிருந்து ஃபர்ம்வேருக்கு, ஃபர்ம்வேரிலிருந்து போர்டின் ஃபிளாஷுக்கு. போர்டைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி கேபிள் சொருகி, ஈஎஸ்பிடூல் கொண்டு 4 எம்பி ஃபிளாஷையும் படித்தால், வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாகக் கிடைக்கும்.

நிக்ஸ்ஓஎஸ் பக்கம் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அங்கே நிக்ஸ் ஸ்டோரை மெஷினில் இருக்கிற எந்த யூசரும் படிக்கலாம், அதனால் அதற்குள் ரகசியம் போகக்கூடாது என்பது பால பாடம். சாப்ஸ்-நிக்ஸ், ஏஜ்னிக்ஸ் இரண்டும் பூட்டிய ஃபைலைத்தான் ஸ்டோரில் வைக்கின்றன. மெஷின் ஓடத் தொடங்கும் வேளையில்தான் திறக்கின்றன. ஆனால் சிரிக்க ஒன்றும் இல்லீங்க. அதே நிக்ஸ்ஓஎஸ்ஸில் ஈஎஸ்பிஹோமை ஓட்டினாலும், கம்பைல் செய்ய பாஸ்வேர்ட் திறந்த நிலையில்தான் வேண்டும். பூட்டு சர்வரோடு முடிந்துபோகிறது. மைக்ரோகன்ட்ரோலரில் யூசர் கிடையாது, பர்மிஷன் கிடையாது, சாவியைத் தனியாக வைக்க இடமும் கிடையாது. ஈஎஸ்பி32-ல் ஃபிளாஷையே என்கிரிப்ட் செய்யும் வசதி உண்டு. ஈஎஸ்பி8266-ல் அதுவும் இல்லை. ஈஎஸ்பி32-லும் அது சிப்பிலேயே எரித்து எழுதுகிற ஏற்பாடு, எரித்ததைத் திரும்ப அழிக்க முடியாது. பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிற வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வைஃபை போனால் போகிறது என்று விட முடியுமா? ஐந்து கருவிக்கும் ஒரே ஏபிஐ சாவியை சீக்ரெட்ஸ் ஃபைலில் ஒரே பெயரில் வைப்பது ரொம்ப சுலபம், பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். அப்போது கொட்டகையில் திருடுபோன பெட்டி மற்ற நான்கையும் திறந்துவிடும். புதுப் பெட்டி மாட்டினாலும் சாவி பழையதுதான். மோட்டாரில் ஒருவர் ஒயர் பிரித்து வேலை செய்யும்போது வேறு யாரோ ஆன் செய்தால் என்ன ஆகும் என்று எழுதித் தெரிய வேண்டியதில்லை. (மெயினை இறக்காமல் யாரும் கை வைக்கக்கூடாது என்பது வேறு விஷயம், வைக்கிறார்கள்.)

இதை விட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. டிக்ளரேட்டிவ் முறை கடைசி நிலையை மட்டும் சொல்கிறது. ரகசியத்தை மாற்றுவதோ முழுக்க வரிசை சம்பந்தப்பட்ட வேலை. முதலில் பழைய வைஃபை, புது வைஃபை இரண்டையும் எல்லாக் கருவியிலும் ஏற்ற வேண்டும். எல்லாமே வாங்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் ரவுட்டரை மாற்றலாம். கடைசியில் பழையதை நீக்கலாம். நடுவில் ஒரு கருவி தூங்கினால் கதை முடிந்தது. எங்கள் மோட்டார் கருவி மும்முனை கரண்ட் வரும் நேரத்தில்தான் விழிக்கும். யாமல் ஃபைலைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கொட்டகையில் இருப்பது வேறாக இருக்கும்.

இங்கிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலக் குடவோலைக் கல்வெட்டுகளை எல்லாரும் ஜனநாயகத்துக்காகப் புகழ்கிறார்கள். நான் அதை ஒரு கான்ஃபிக் ஃபைலாகப் படிக்கிறேன். 919-ல் ஒரு விதி, 921-ல் திருத்தம்: வயது வரம்பு 30–60 என்பது 35–70 ஆனது. கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. இது வரைக்கும் டிக்ளரேட்டிவ். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவது, நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்குவது, விவரம் அறியாத சிறுவன் ஓலை எடுப்பது, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து வாங்கி வாசிப்பது, மற்ற நம்பிமாரும் வாசிப்பது என்று வரிசையையும், ஒவ்வொரு படியிலும் யார் சரிபார்ப்பது என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள்.

ஈஎஸ்பிஹோமில் இல்லாதது இந்த இரண்டாம் பாதிதான். ‘மேட் ஃபார் ஈஎஸ்பிஹோம்’ முத்திரை வேண்டுமென்றால் கான்ஃபிகில் ரகசியமே இருக்கக்கூடாது, வைஃபை விவரத்தை வாங்கியவர் பிறகு கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தத் திட்டமே விதி வைத்திருக்கிறது. கடையில் விற்கிற கருவிக்குத் தெரிந்த நியாயம் வீட்டில் செய்கிறவனுக்கு வழக்கமாக வேண்டாமா?

அதுவரை நான் செய்வது: கருவிகளுக்குத் தனி வைஃபை, அது வீட்டு கம்ப்யூட்டரைத் தொடாது. கருவிக்கு ஒரு சாவி. யாமல் ஃபைல்களுக்குப் பக்கத்தில் ‘வரிசை’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். எந்தக் கருவி எந்தத் தேதியில் புதுச் சாவியை வாங்கியது என்று கையால் குறித்து வைக்கிறேன். அழகான ஏற்பாடு இல்லை. ஆனால் கொட்டகையிலிருந்து பெட்டி காணாமல் போனால், எதை முதலில் மாற்றுவது என்று அந்த ஃபைல்தான் சொல்லும்.