உக்கும் சருகு

மாரியின் முதல் மழை ஓய்ந்ததும் புதுக்குடியிருப்புக் காட்டோரம் ஒரு கை சருகை அள்ளிப் பாருங்கள். மேலே பாலை இலை. தோல்போலத் தடித்தது, நனைந்தும் விறைப்புக் குறையவில்லை. அடியில் வாகையின் பொடி இலைகள் ஊறிக் கறுத்து, தேயிலைச் சக்கைபோல விரலில் ஒட்டுகின்றன. நடுவே வெள்ளை நூல்நூலாகப் பங்கசு. எனக்கு அந்த நூலில்தான் மயக்கம். வாகை இலையில் நைதரசன் தாராளம், கெதியாய் உக்கிவிடும். பாலையோ கிடந்து கிடந்துதான் உக்கும். பங்கசு இளகிய இலையின் நைதரசனை உறிஞ்சி முரட்டு இலைக்குக் கடத்தி, அதையும் மெல்ல மெல்லக் கரைக்கிறது. எல்லாச் சருகும் இப்படி ஒத்துப்போகாதுதான். நாங்களோ முற்றத்தில் இதையே கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறோம். கையில் அள்ளிய சருகை மூக்கருகே பிடித்தால் ஈரமண்ணோடு கொஞ்சம் காளானும் மணக்கிறது.