போடியாரும் புகைபோக்கியும்: கிழக்கின் வறுமைக் கவிதை பற்றி

வில்லியம் பிளேக் 1794 இல் வெளியிட்ட ‘லண்டன்’ பதினாறே வரிக் கவிதை. கவிஞன் தெருவில் நடக்கிறான். அழுகைகள் காதில் விழுகின்றன. புகைபோக்கி துடைக்கும் சிறுவன், போர்வீரன், உடலை விற்கும் இளம்பெண். இவர்களை வதைப்பவன் என்று ஒருவனை அவர் காட்டுவதில்லை. தேவாலயச் சுவரும் அரண்மனைச் சுவரும்தான் தெரிகின்றன. தெருவும் ஆறுமே யாருடைய உரிமைப் பத்திரத்துக்குள்ளோ அடைபட்டிருக்கின்றன. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் புகைபோக்கி துடைக்கும் வேலைக்கு வைக்கக்கூடாதென 1788 இலேயே சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தத்தான் ஆளில்லை. கண்முன் கொடியவன் இல்லாமலேயே கொடுமை நடக்கும் என்பதே பிளேக்கின் கண்டுபிடிப்பு. அடிபட்டவனின் மனமும் தனக்கான விலங்கைத் தானே வார்த்துக்கொள்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். என் கணக்கில் கவிதையின் கசப்பான இடம் அதுதான்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வறுமை வேறு முகத்தோடு வந்தது. வயல் பெருநிலக்காரரான போடியாருடையது; பார்த்துக்கொள்பவர் முல்லைக்காரர்; களத்தில் நெல் அளக்கும்போது யாருக்கு எவ்வளவு குறைகிறது என்பது ஊருக்கே தெரியும். சுரண்டுபவரும் சுரண்டப்படுபவரும் ஒரே கோயில் திருவிழாவில் நிற்பார்கள். அதனால் இங்கே கோபத்துக்கு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கவிஞர் நீலாவணனின் ‘வேளாண்மை’ காவியம் (அவர் மறைந்து ஏழு ஆண்டுகளின் பின், 1982 இல் நூலானது) அந்த வயல் வாழ்வை ஆசையோடு எழுதுகிறது. குற்றப்பத்திரிகை வாசிப்பது அதன் வேலையல்ல. அந்த வேலையைச் செய்தவர் கவிஞர் சுபத்திரன். அவரது தொகுப்பு ‘இரத்தக்கடன்’ 1969 இல் வந்தது. ஆனால் அவரது சாதியெதிர்ப்புக் குரல் உச்சத்துக்குப் போனது யாழ்ப்பாணத்துச் சங்கானையில் நடந்த சாதியெதிர்ப்புப் போராட்டத்துக்காக. நமது கோயில்களில் குலவழியே உரிமை பிரிக்கும் குடிமுறை மீது கிழக்கின் கவிதை அதே சூட்டோடு பாய்ந்ததாகச் சொல்ல முடியாது. கூடவே வாழ்கிறவரைத் திட்டுவது கஷ்டம்தான்.

பிளேக்குக்கு மிக அருகில் வந்தவர் வடக்கின் மஹாகவி. ‘தேரும் திங்களும்’ கவிதையில் வடம் பிடிக்க வந்தவன் சாதியின் பெயரால் வீழ்த்தப்படுகிறான். கல்லெறிந்த கைக்குப் பெயர் இல்லை. ஊர் முழுவதும் அந்தக் கைதான்.

மட்டக்களப்பின் சித்தாண்டியில் 2023 செப்டெம்பர் 15 முதல் வீதியோரம் போராட உட்கார்ந்த பால் பண்ணையாளர்களுக்கும் போடியார் போல ஒருவர் எதிரே இல்லை. அவர்களின் மாடுகள் மேயும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை மகாவலி அதிகாரசபையின் எல்லைக்குள். அத்துமீறிப் பயிர் செய்பவர் ஒருவர், மாடு செத்தால் முறைப்பாட்டை எழுதுபவர் இன்னொருவர், வாக்குறுதி தருவது கொழும்பு. கச்சேரிக்குப் போனால் இன்னொரு கந்தோரின் பெயரைச் சொல்வார்கள். போடியாரைத் திட்டிப் பழகிய கவிதை இதை எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு வில்லனைத் தேடும். கிடைப்பவன் பெரும்பாலும் மேய்ச்சல் தரையில் குடிசை போட்ட இன்னொரு ஏழைச் சிங்கள விவசாயியாகத்தான் இருப்பான். அவனை அங்கே கொண்டுவந்து விட்ட கோப்பு கவிதைக்குள் வராது.