இரங்கற்பாவும் இன்னிசையும்: அரபுப் பெண் கலைஞர் மூவர்

கலைத்திறன் இறைவன் வழங்கும் கொடை. அது எவ்வடிவில் வெளிப்படலாம் என்பதைப் பெரும்பாலும் சமூகமே வரையறுக்கிறது. அரபுப் பெண் கலைஞர்களைப் பற்றிய திறனாய்வுகள் இவ்வுண்மையைப் பலவேளை மறந்துவிடுகின்றன. பெண்கள் பாடும் கவிதையில் பலவீனம் தென்படும் எனக் கவிஞர் பஷ்ஷார் இப்னு புர்து கூறினாராம். கன்ஸாவைப் பற்றிக் கேட்டபோது, அவர் ஆண்களையும் விஞ்சியவர் என்றாராம். ஒருவரை விதிவிலக்காக்கிப் புகழ்ந்து மற்றவரையெல்லாம் தாழ்த்தும் இம்மதிப்பீடு ஏற்புடையதுதானா?

ஸுலைம் கோத்திரத்தவரான கன்ஸா (ரலி) அவர்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஜாஹிலிய்யாக் காலத்தில் புகழ்ப்பாவும் வசைப்பாவும் பெரிதும் ஆடவரின் களங்கள். கொல்லப்பட்டவருக்காக மர்ஸியா பாடுவதோ பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட கடமை. அது வெறும் புலம்பலன்று. பழிவாங்கக் கோத்திரத்தைத் தூண்டும் போர்முரசும் ஆகும். முஆவியா, ஸக்ரு என்னும் சகோதரர்களை இழந்த கன்ஸா, அக்குறுகிய எல்லைக்குள்ளேயே அரபுக் கவிதையின் சிகரங்களுள் ஒன்றை எட்டினார்.

இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் அவர் கண்ணீர் ஓயவில்லை. ஆனால் முன்னர்ப் பழியை எண்ணி அழுதவர், பின்னர்ச் சகோதரர்களின் மறுமையை எண்ணி அழுததாகச் செய்தியுண்டு. காதிஸிய்யாப் போரில் நான்கு புதல்வர்கள் ஷஹீதானபோது அவர் இறைவனைப் புகழ்ந்ததாகவே வரலாற்றாசிரியர்கள் உரைக்கின்றனர். ஸக்ருக்குப் பாடியதற்கு நிகரான இரங்கற்பா எதுவும் அவர்களுக்காகப் பேசப்படவில்லை. இதற்கு ஈமானின் உறுதியைக் காரணமாகக் கூறுவர். அது மெய்யே. அத்துடன், பழிக்குப்பழி என்னும் சமூகத் தேவை மறைந்தபோது மர்ஸியாவின் பழைய பணியும் மறைந்தது என்பதை நாம் சேர்த்துரைப்போம்.

அப்பாஸியர் காலத்து பக்தாதில் காட்சி மாறுகிறது. கலீஃபா மஹ்தியின் மகளும் ஹாரூன் ரஷீதின் சகோதரியுமான உலைய்யா (ஹி. 160–210) கவிதையும் இசையும் கைவரப் பெற்றவர். அவர் இளவரசியாதலால் கவிதையில் விரும்பிய பெயரைக்கூட வெளிப்படையாகச் சொல்ல இயலவில்லை. புனைபெயரால் மறைத்தே பாடினார். மறைத்துச் சொல்லும் அந்நயமே அவர் சிறு பாடல்களின் தனியழகாயிற்று.

அரீபின் (ஹி. 181–277) நிலை நேர்மாறானது. அடிமைப் பாடகியான அவர் அரண்மனை அவைகளில் பாடினார். கவிஞர்களோடு சரிக்குச் சரி வாதிட்டார். அவர் இசையமைத்தவை ஏறத்தாழ ஆயிரம் என்பர். ஆயினும் அவரே விலைபேசப்பட்டுக் கைமாறினார். பின்னர் கலீஃபா முஃதஸிம் அவரை விடுதலை செய்தார். சுதந்திரப் பெண்ணின் குரல் திரைக்குள் இருந்தது. அவையில் ஒலித்த குரலுக்கு உரியவளோ பிறருடைமையாக இருந்தாள். இவ்விருவரைப் பற்றியும் அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானீயின் ‘கிதாபுல் அகானீ’ விரிவாகப் பேசுகிறது. ஆனால் அதிலுள்ள இசைக்குறிப்புகளைக் கொண்டு அந்த மெட்டுகளை இன்று மீட்க முடியாது. எனவே இசைக்கலைஞரான அரீபின் பெரும்பகுதி நமக்கு என்றென்றைக்கும் எட்டாததே.

இம்மூவரிடமும் நாம் காண்பது பலவீனத்தை அன்று. திறந்துவிடப்பட்ட ஒற்றை வாயிலின் வழியே முழு ஆற்றலையும் செலுத்திய திறத்தை. பெண்கள் ஏன் அழுகையை மட்டும் பாடினர் என வினவும் திறனாய்வாளர், வேறெதைப் பாடினால் சமூகம் செவிமடுத்திருக்கும் என்றும் வினவ வேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கும் மதிப்பீடு கலையை அளப்பதில்லை; கலைஞரைச் சூழ்ந்த சுவரையே அளக்கிறது.