உறைந்த ஆகாரத்தின் காவலும் அதன் எல்லையும்

கடல்நீர்த் தொட்டிகளில் மீனும் பவளமும் வளர்ப்போரிடையே, உறையவைத்த ஆகாரம் என்றால் அது கிருமியற்ற ஆகாரம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உயிருள்ள இரையோடு வந்த வியாதிக்கு அருமையாக வளர்த்த மீன்களைப் பறிகொடுத்தவர்களின் அனுபவத்தில் பிறந்த எண்ணமாதலால், அதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், குளிர் எந்த ஆபத்தை நீக்குகிறது, எதை நிறுத்தி மட்டும் வைக்கிறது, எதற்கு முன்னால் செயலற்றுப் போகிறது என்று பிரித்துப் பாராமல், உறைந்தது எதையும் நம்பிவிடும் பழக்கமே தொட்டிகளில் காரணம் தெரியாமல் நேரும் பல மரணங்களுக்கு வழி வகுக்கிறது என்பது என் துணிபு.

அனுகூலத்தை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். மீனின் தசையில் சுருண்டு கிடக்கும் புழுக்களின் இளம் பருவங்கள் கடுங்குளிரில் மாண்டுபோகின்றன. சமைக்காமல் உண்ணும் மீனைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்திருக்க வேண்டுமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மனிதர்களுக்காகவே வகுத்திருக்கும் விதியும் இதை ஒட்டியதுதான். இரை பிடிபட்ட இடமும் நல்லதாக அமைந்துவிட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள ஒக்கனாகன் ஏரியில், மீன்களுக்கு இரையாகட்டும் என்று 1966-ல் மைசிஸ் என்னும் சிற்றிறாலைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ, கோக்கனி சால்மன் குஞ்சுகள் உண்ணவேண்டிய மிதவைப் பிராணிகளைத் தானே தின்று பெருகி, அம்மீன் இனம் அருகக் காரணமாயிற்று. இரவில் மேல்மட்டத்துக்கு ஏறிவரும் அந்த மைசிஸை வலையிட்டு அள்ளி, உறையவைத்துத் தொட்டிக்காரர்களுக்கு விற்பதால் ஏரிக்கும் நன்மை, தொட்டிக்கும் நன்மை. குளிர்ந்த நன்னீரில் வாழ்ந்த பிராணியின் ஒட்டுண்ணிகள் குளிருக்குத் தப்பினாலும், வெப்பமான உப்புநீரில் காலூன்றுவது அரிது. வேறெதையும் ஏறெடுத்துப் பாராத கடற்குதிரையும் கொழுப்புச் சத்து நிறைந்த இந்த இரையை விரும்பி உண்கிறது.

ஆனால் பாக்டீரியாக்களின் விஷயம் வேறு. குளிர் அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கிறதேயன்றி, அவற்றைப் பூண்டோடு அழிப்பதில்லை. உருகத் தொடங்கிய கணத்திலேயே அவை தம் வேலையைத் தொடர்கின்றன. வைரஸ்களுக்கோ குளிர் பல சமயங்களில் பாதுகாப்பான உறைவிடமே ஆகிவிடுகிறது. 1995 மார்ச்சில் தென் ஆஸ்திரேலியக் கடலில் மத்தி இனத்தைச் சேர்ந்த பில்ச்சர்டு மீன்கள் செவுள் சிதைந்து மடியத் தொடங்கின. சில மாதங்களில் அந்தக் கொள்ளைநோய் கிழக்கும் மேற்குமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரைக்குப் பரவிற்று. 1998-ல் மீண்டும் தலைகாட்டியது. ஹெர்ப்பீஸ் வகை வைரஸ் ஒன்றே காரணமெனக் கண்டறிந்தார்கள். சூரை மீன் வளர்க்கும் கூண்டுகளுக்கு இரையாக வெளிநாடுகளிலிருந்து தருவித்த உறைந்த பில்ச்சர்டுகளின்மீது சந்தேகம் விழுந்தது. அது நிரூபணமாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-ன் இறுதியில் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரை இறால் பண்ணைகளில் வெண்புள்ளி வைரஸ் தோன்றியபோது, கடைகளில் விற்ற இறக்குமதி இறாலிலும் அந்த வைரஸ் காணப்பட்டது. மறு ஜனவரியில் பச்சை இறால் இறக்குமதியையே ஆஸ்திரேலியா நிறுத்திவைத்தது. மனிதன் அந்த இறாலை வேகவைத்துத் தின்கிறான். தொட்டியில் வாழும் இறாலும் நண்டும் அதைப் பச்சையாகவே உண்கின்றன. சமையலுக்கென்று விற்கும் உறைந்த இறாலை இவ்வகைப் பிராணிகள் உள்ள தொட்டியில் இடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

இக்குறையை நீக்கவே, உறைந்த ஆகாரத்தின்மீது காமா கதிரைப் பாய்ச்சும் முறையைச் சில உற்பத்தியாளர்கள் கைக்கொண்டிருக்கிறார்கள். பாக்டீரியாக்களை அடக்குவதில் அது சிறந்த முறையே. எனினும் வைரஸ்கள் எளிதில் அதற்கு அடங்குவதில்லை. முன்பே கெட்டுப்போன கொழுப்பை அது நல்லதாக்குவதும் இல்லை.

கிருமிகளைவிட நான் அதிகமாக அஞ்சுவது, எந்தப் பரிசோதனையும் செய்யாமல் நாள்தோறும் கொடுத்துவரும் சுத்தமான மீனையே. ஹெர்ரிங், ஸ்மெல்ட் முதலிய சில மீன்களின் உடலில் தையாமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. வேகவைத்தால் அது அழியும், உறையவைத்தால் அழியாது. 1930-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரோமத்துக்காக வளர்த்த நரிகள், பச்சைக் கெண்டை மீனைத் தின்று கைகால் இழுத்துக்கொண்டு மாண்டதிலிருந்துதான் இந்தத் தீங்கு துலங்கலாயிற்று. சீல்களுக்கும் டால்பின்களுக்கும் உறைந்த மீன் கொடுக்கும் காட்சிசாலைகள், கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் வரை தையாமினும், 100 அலகு வைட்டமின் ஈ-யும் சேர்க்கும் வழக்கத்தைக் கொண்டதற்கு இதுவே காரணம். வைட்டமின் ஈ எதற்கென்றால், கொழுத்த மீனின் எண்ணெய் உறைபெட்டிக்குள்ளும் மெல்ல மெல்லச் சிக்கடித்துக்கொண்டேயிருக்கும் என்பதற்காக. சிங்கமீனுக்கும் அஞ்சாலைக்கும் மாதக்கணக்கில் ஒரே வகை மீனைப் போட்டுவருபவர், அவை இரையைக் குறி தவறிக் கவ்வத் தொடங்கும்போது நீரைச் சோதிக்கிறாரேயன்றி ஆகாரத்தைச் சந்தேகிப்பதில்லை.

உருகவைக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைசிஸ் கட்டி ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் குளிர்ந்த கடல்நீரில் இட்டுப் பார்த்தால், விரைவாக உறையவைத்த நல்ல சரக்கில் ஒவ்வொன்றும் தலை கழலாமல், கருவிழி கெடாமல் தனித்தனியே பிரியும். நீரும் ஏறக்குறையத் தெளிந்தே இருக்கும். மெதுவாக உறைந்ததோ, உருகி மறுபடி உறைந்ததோ ஆனால், பெரிய பனிப் படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்துவிட்டிருப்பதால் தலைகள் உதிர்ந்து, கண்கள் மணல்போல் அடியில் தங்கி, நீர் கலங்கிப்போகும். அந்த நீரை வடித்துவிட்டால் பாஸ்பேட் தொல்லை தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். வடிநீரோடு போவது சிறு பங்கே, பெரும்பங்கு இரையின் உடலுக்குள்ளிருந்து தொட்டிக்குப் போய்ச் சேர்கிறது. நீரில் கரையும் வைட்டமின்களும் வடிநீரோடு போய்விடுகின்றன. ஆகவே கலங்கிய கட்டியை அலசிப் பயனில்லை, எறிந்துவிடுவதே உத்தமம். தெளிந்ததை ஒருமுறை வடிகட்டினால் போதும். பாஸ்பேட்டுக்கு அஞ்சுபவர் இடும் அளவைக் குறைப்பதே தக்க பரிகாரம். உருகவைப்பதை மேசைமீது வைத்து மறந்துவிடாமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் செய்யவேண்டும். மிஞ்சியதை மறுபடி உறையவைக்கலாகாது.

கடைக்காரரின் உறைபெட்டி எத்தனை முறை மின்சாரமின்றி நின்றதென்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. ஆகார அட்டையின் குழிகளில் கட்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்து உறைந்திருப்பதும், மேலுறைக்கடியில் பனித்துகள் படிந்திருப்பதுமே அவர் காணக்கூடிய சாட்சிகள். அவ்வித அட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கக் கூடாது. உற்பத்தியாளரிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. இன்ன தேதிக்குள் உபயோகிக்கவும் என்று மட்டும் அச்சிடுவதோடு நில்லாமல், உள்ளே இருக்கும் பிராணி எந்த இனம், எந்த நீரில் பிடிபட்டது, எந்த மாதத்தில் உறையவைத்தது, கதிர் பாய்ச்சியதா, தையாமின் சேர்த்ததா என்ற ஐந்தையும் அட்டையின் பின்புறத்தில் அவர் தெரிவிக்க வேண்டும். அவ்விவரங்களைத் தர மறுக்கும் சரக்கை, விலை எவ்வளவு மலிவாயினும், என் தொட்டிக்கு நான் வாங்குவதில்லை.